லூனா என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தி மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். கணவர் மெக்சிகோ வழி வந்தவர். அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் போன் செய்து, "அக்கா, பெண் பிறந்தால் லூனான்னு வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க. நல்ல பெயர்தானா? எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். மொழி படித்தவள் என்பதால் குடும்பத்தில் பெயர் விவகாரம் எல்லாம் என்னிடம்தான் வரும். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், ஆளுக்கொரு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கேள்விகளும் நான் தேடிச் சொன்ன பதில்களும் இங்கே.

லூனா என்றால் என்ன பொருள்?

ஸ்பானிய மொழியில் நிலா. வேறு மறைபொருள் எதுவும் கிடையாது. ஸ்பானியக் குழந்தை வானத்தைக் காட்டி முதலில் சொல்லும் சொற்களில் ஒன்று அது.

சொல்லின் வேர் அழகானது. லத்தீனில் 'லூனா' என்பது 'ஒளிர்வது' என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. லத்தீனில் ஒளிக்கு லூக்ஸ், ஸ்பானியத்தில் லூஸ், லூசியா என்ற பெயர் எல்லாமே அதே வேர்தான். லூசியாவும் லூனாவும் பங்காளிகள் என்று சொல்லலாம். சமஸ்கிருதத்தில் அந்த வேர் 'ருச்' என்று நிற்கிறது. ஒளிர்தல், பிறகு பிடித்துப்போதல். அதிலிருந்து வந்ததுதான் நாம் தினம் சொல்லும் ருசி: முதலில் ஒளி, அப்புறம் விருப்பம், கடைசியில் நாக்கின் சுவை. மகாபலியின் அப்பா விரோசனன் பெயரிலும் அதே வேர் இருக்கிறது. ஹூஸ்டன் குழந்தையின் பெயருக்கும் சித்தி வைக்கும் வத்தக்குழம்பைப் பற்றி நாம் சொல்லும் வார்த்தைக்கும் தூரத்து உறவு உண்டு என்று நான் எழுதியதும் குழுவில் பெரிய மகிழ்ச்சி.

லத்தீன் சொல் என்றால் அதை ஏன் ஸ்பானியப் பெயர் என்கிறார்கள்?

நியாயமான கேள்வி. ரோமானியர்களுக்கு லூனா என்ற தேவதையே இருந்தாள். ரோம் நகரின் அவென்டைன் குன்றில் அவளுக்கு ஒரு கோயில் இருந்தது. கி.பி. 64-இல் நீரோ காலத்துப் பெருந்தீயில் எரிந்த கோயில்களில் அதுவும் ஒன்று.

லத்தீன் உடைந்து பல மொழிகளானபோது இந்தச் சொல் இடத்துக்கு இடம் மாறியது. பிரெஞ்சில் 'லூன்' ஆனது, போர்ச்சுகீசியத்தில் நடு எழுத்தை விழுங்கி 'லூவா' ஆனது, ஸ்பெயினின் கிழக்கே பேசும் கட்டலானில் முதலெழுத்து மாறி 'ல்யூனா' போல ஆனது. ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே நின்றது. அமெரிக்காவில் இன்று இந்தப் பெயர் பரவியிருப்பதில் ஸ்பானியம் பேசும் குடும்பங்களின் பங்கு பெரிது என்பதால் ஸ்பானியப் பெயர் என்று சொல்வது தவறில்லை. இத்தாலியர் ஒருவர் கோபித்துக்கொண்டால் அவர் பக்கமும் நியாயம் உண்டு.

ஸ்பெயினில் காலங்காலமாகப் பெண்களுக்கு வைத்த பெயரா?

இல்லை. இதுதான் எனக்கே வியப்பாக இருந்தது. அங்கே லூனா பல நூற்றாண்டுகள் குடும்பப் பெயர். ஸ்பெயினின் வடகிழக்கே அரகோன் பகுதியில், சரகோசா மாகாணத்தில், லூனா என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரை வைத்து எழுந்த பிரபுக் குடும்பத்தின் சின்னத்திலும் பிறைதான். மரியா தெ லூனா அரகோனின் அரசியானார். ஆல்வரோ தெ லூனா பக்கத்து அரசான காஸ்டிலில் அரசனுக்கு அடுத்த அதிகாரத்தில் இருந்து, 1453-இல் வய்யடோலித் நகரில் தலை வெட்டப்பட்டார்.

எல்லோரையும் விட சுவாரசியமானவர் பெட்ரோ தெ லூனா. ஒரே நேரத்தில் இரண்டு போப்புகள் இருந்த குழப்பமான காலம் அது. 1394-இல் பிரான்சின் அவின்யோனில் இவரைப் பதின்மூன்றாம் பெனடிக்ட் என்று போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து 'போதும், இறங்கு' என்றார்கள். இவர் இறங்கவில்லை. 1417-இல் திருச்சபைச் சங்கம் கூடிப் பதவியைப் பறித்தது. அதற்கும் அசையாமல், மத்தியதரைக் கடலோரம் பெனிஸ்கோலா என்ற ஊரில் பாறை மேல் நிற்கும் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, 1423-இல் சாகும்வரை 'நான்தான் போப்' என்றார். பிடிவாதக்காரனை ஸ்பானியத்தில் 'தன் பதின்மூன்றிலேயே நிற்கிறான்' என்பார்கள். அந்தப் பதின்மூன்று இவர்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தக் கோட்டையை இன்றும் 'பாப்பா லூனாவின் கோட்டை', அதாவது போப் லூனாவின் கோட்டை, என்கிறார்கள்.

நடிகர் தியேகோ லூனா, பிலிப்பைன்ஸ் ஓவியர் ஹுவான் லூனா, அவர் தம்பி தளபதி அன்டோனியோ லூனா எல்லாரும் இந்தக் குடும்பப் பெயர் வரிசையில் வருகிறவர்கள்தான்.

அழகான சொல். பெண்ணுக்கு வைக்க என்ன தடை இருந்தது?

புனிதர் பட்டியல். லூனா என்று ஒரு புனிதை இல்லை. கத்தோலிக்க நாட்டில் ஞானஸ்நானத்துக்குக் கிறிஸ்தவப் பெயர் வேண்டும். 1917-இன் திருச்சபைச் சட்டம் அதைப் பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்றது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிரான்கோவின் ஆட்சியில் அரசுப் பதிவேடும் அதே வழியில், அதுவும் காஸ்டிலிய ஸ்பானியத்தில்தான், பெயரை எதிர்பார்த்தது. பிரான்கோ இறந்த பிறகு 1977-இல் சட்டம் திருத்தப்பட்டு மற்ற மொழிப் பெயர்களுக்கும் வழி வந்தது. 1983-இல் திருச்சபையும் விதியைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாமல் இருந்தால் போதும் என்றது. இன்று அதே ஸ்பெயினில் கலீசியக் குடும்பங்கள் லூவா என்றும், கட்டலான் குடும்பங்கள் ல்யூனா என்றும், பாஸ்க் குடும்பங்கள் தங்கள் மொழியில் நிலாவுக்குள்ள இலார்கி என்றும் வைக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. சாதாரணச் சொற்களைப் பெண்பெயராக வைக்கும் பழக்கம் ஸ்பானியர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அது மாதாவின் வழியாக வர வேண்டும். தொலோரெஸ் என்றால் துயரங்கள். பிலார் என்றால் தூண். நியேவெஸ் பனி, ரொசியோ பனித்துளி, சொலெதாத் தனிமை. கேட்டால் 'என்ன பெயர் இதெல்லாம்' என்று தோன்றும். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளுக்குப் போய்வந்தவர்களுக்குத் தோன்றாது. வியாகுலமேரி என்றால் தொலோரெஸ் என்றுதான் பொருள். சகாயமேரி, ஆரோக்கியமேரி எல்லாம் அதே வழிதான்: மாதாவின் பட்டம், பிறகு மகளின் பெயர்.

அப்படியானால் லூனாவுக்கும் ஒரு மாதா உண்டா?

உண்டு! தெற்கே கோர்தோபா மாகாணத்தில் போசோபிளாங்கோ, வில்யநுவேவா தெ கோர்தோபா என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் பொதுவாக 'லூனா மாதா'. சொரூபத்துக்கென்று தனியாக ஒரு கோயில் இருந்தாலும் ஆண்டில் ஒரு பகுதி இந்த ஊரில், ஒரு பகுதி அந்த ஊரில் இருப்பாள். அழைத்துவரும் நாளில் போசோபிளாங்கோ சபைக்காரர்கள் படை மாதிரி அணிவகுத்து, துப்பாக்கியால் வேட்டுப் போட்டுக்கொண்டே வருவார்கள். இரண்டு ஊருக்கு ஒரு சாமி என்றால் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியாதா.

அது போக, விவிலியத்தின் கடைசி நூலில் சூரியனை ஆடையாக உடுத்தி, காலடியில் நிலவோடு ஒரு பெண் தோன்றுவாள். அதை வைத்துத்தான் மாதாவைப் பிறை மேல் நிற்பவளாக வரைந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஓவியர் முரில்யோ அப்படி எத்தனையோ படம் எழுதினார். மெக்சிகோவின் குவாதலூப்பே மாதாவும் பிறை மேல்தான் நிற்கிறாள். தங்கையின் மாமியார் வீட்டில், அடுப்படிக்கு எதிர்ச்சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. வீடியோ காலில் நானே பார்த்தேன். புனிதர் பட்டியலில் இல்லாத பெயரை அந்த அம்மா ஏன் அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

அமெரிக்காவில் எப்போது பிரபலமானது?

அங்கே சமூகப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. லூனா நூறு ஆண்டுக்கு முன்பு அதில் ஓரமாக இருந்தது, பிறகு காணாமல் போனது. 2003-இல் முதல் ஆயிரத்துக்குள் திரும்பி வந்தது. 2016-இல் முதல் நூறுக்குள். 2020-இல் 14-ஆம் இடம், 2021-இல் 11, 2022-இல் 10. 2023-லும் அதே பத்து. 2024-இல் பத்திலிருந்து வெளியேறிவிட்டது. அந்த ஆண்டு பத்துக்குள் புதிதாக வந்தது சோஃபியா, அதுவும் ஸ்பானிய எழுத்துக்கூட்டலில். ஆங்கில வழக்கிலுள்ள சோஃபியா தனியாக இன்னொரு இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

பதின்மூன்று ஆண்டில் ஆயிரத்திலிருந்து நூறு, அடுத்த ஆறு ஆண்டில் பத்து. பெயர் உலகத்தில் இது ராக்கெட் வேகம்.

யாரால் வந்த புகழ்? ஹாரி பாட்டரா?

எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். லூனா லவ்குட் என்ற பாத்திரம் ஐந்தாம் புத்தகத்தில் வருகிறாள். அது வெளிவந்தது 2003 ஜூனில். பெயர் பட்டியலுக்குத் திரும்பியதும் 2003. பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் ஜூனில் வந்த புத்தகத்தில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்து அதே ஆண்டு பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள் என்பதை நான் நம்பத் தயாரில்லை. பெயர் அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். புத்தகம் பின்னாலிருந்து ஒரு தள்ளு கொடுத்திருக்கலாம்.

பிறகு நட்சத்திரக் குழந்தைகள். பெனலொப்பே குரூஸ், ஹாவியர் பார்தெம் தம்பதிக்கு 2013-இல் ஒரு லூனா. பாடகர் ஜான் லெஜண்ட், கிறிஸி டீகன் தம்பதிக்கு 2016-இல் இன்னொரு லூனா. அதே 2016-இல் லத்தீன் அமெரிக்காவில் டிஸ்னி சேனல் 'சோய் லூனா' என்ற தொடரைத் தொடங்கியது. 'நான் லூனா' என்று பொருள். ரோலர் ஸ்கேட் ஓட்டும் ஒரு பெண்ணின் கதை, 2018 வரை ஓடியது. பட்டியலில் முதல் நூறுக்குள் நுழைந்ததும் 2016 என்பதைக் கவனியுங்கள்.

இத்தனை பெயர் இருக்க, இது மட்டும் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது?

என் கணிப்பில் நட்சத்திரங்களை விடப் பெரிய காரணம் பாட்டிகள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானியம் பேசும் நாடுகளின் வழி வந்தவர்கள், 6.2 கோடிப் பேர், மொத்தத்தில் 18.7 சதவீதம். பல வீடுகளில் குழந்தைக்கு இரண்டு உலகம். பாட்டி ஸ்பானியத்தில் கூப்பிடுவாள், டீச்சர் ஆங்கிலத்தில் கூப்பிடுவாள். ஹொர்ஹே என்று வைத்தால் பள்ளியில் 'ஜார்ஜ்' ஆகிவிடும். ஹிமேனா என்ற அழகான பெண்பெயரை எக்ஸ் எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் புது டீச்சர் நின்றுவிடுவார். இன்னொரு பக்கம், ஆங்கிலப் பெயராகத் தேடி வைத்தால் பாட்டி வாய்க்குள் நுழையாது.

எழுத்துச் சிக்கலும் உண்டு. ஸ்பானியத்தில் எழுத்துக்கு மேல் சாய்கோடு, அலைக்கோடு எல்லாம் வரும். கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகப் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தின் 26 எழுத்துதான் இருந்தது, கோடு கிடையாது. அதை அனுமதிக்கும் மசோதா ஒன்றை 2017-இல் ஆளுநர் நிராகரித்தார். லூசியா, சோஃபியா, மரியா எல்லாம் சான்றிதழில் கோடிழந்துதான் வந்தன. லூனாவில் இழக்க ஒன்றும் இல்லை. நாலு எழுத்து, கோடு இல்லை, இரண்டு பக்கமும் ஒரே உச்சரிப்பு, பொருளும் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே பெயர் போதும். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற நம்மவர்கள் 'ழ' வரும் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழில் எப்படி எழுதுவது?

லூனா. முதலெழுத்து நெடில். 'லுனா' என்று எழுதினால் ஓசை குறுகிவிடும்.

லூனா மொபெட் பெயர் ஆயிற்றே?

சித்தப்பாவின் கேள்வி. வேறு யார் கேட்பார்கள்!

ஆம். புனேயின் கைனடிக் நிறுவனம் 1972-இல் விட்ட 50 சிசி மொபெட்டுக்கு லூனா என்றுதான் பெயர். பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும், பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி மிதித்தே வீடு வந்து சேரலாம். 'சல் மேரி லூனா' என்ற இந்தி விளம்பரம் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கம் டிவிஎஸ் 50 வந்து தெருவைப் பிடித்துக்கொண்டாலும், லூனா ஓட்டிய வாத்தியார்களும் போஸ்ட்மாஸ்டர்களும் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். 2024-இல் அதே பெயரில் மின்சார வண்டியும் வந்துவிட்டது. இந்தியாவில் ஐம்பது வயது தாண்டியவரிடம் 'என் பேத்தி பெயர் லூனா' என்றால் ஒரு கணம் உதட்டோரம் சிரிப்பு வரத்தான் செய்யும். ஹூஸ்டனில் வராது.

நாய்க்கு வைக்கும் பெயர் என்று சொல்கிறார்களே?

உண்மைதான். அமெரிக்காவில் பெண் நாய்ப் பெயர்ப் பட்டியல்களில் லூனா பல ஆண்டுகளாக உச்சியில் இருக்கிறது. ஸ்பெயினிலும் பூங்காவில் 'லூனா!' என்று கூப்பிட்டால் குழந்தை திரும்புமா, நாய் திரும்புமா என்று சொல்ல முடியாது. பெல்லா, லூசி போன்ற பெயர்களுக்கும் அங்கே இதே கதிதான். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. நம் ஊரில் ராஜா, ராணி என்று நாய்க்கும் வைக்கிறோம், மனிதருக்கும் வைக்கிறோம். யாரும் செத்துப்போகவில்லை.

கெட்ட அர்த்தம் ஏதாவது உண்டா?

நிலவு ஏறி இறங்கும்போது புத்தியும் தடுமாறும் என்ற பழைய நம்பிக்கையில் 'லுனாத்திகோ' என்ற சொல் பிறந்தது. ஆங்கிலத்துக்கும் அதுவே போனது. நம் சித்தர்களும் பாட்டிகளும் அமாவாசையைக் காட்டி இதையே சொன்னார்கள். ஆனால் லூனா என்ற பெயரைக் கேட்டு எந்த ஸ்பானியரும் பைத்தியத்தை நினைப்பதில்லை. அவர்களிடம் இந்தச் சொல் இன்னும் எங்கெங்கோ போயிருக்கிறது. கார்க் கண்ணாடிக்கும் கடைக் கண்ணாடிக்கும் 'லூனா' என்பார்கள். உடம்பில் இருக்கும் மச்சத்துக்கு 'லுனார்'. அர்ஜென்டினாவில் காலைக் காபியோடு தின்னும் பிறை வடிவ ரொட்டிக்கு 'மெதியலூனா', அரை நிலா. தேனிலவு 'லூனா தெ மியேல்'. கவனம் எங்கோ இருப்பவனை 'நிலாவில் இருக்கிறான்' என்பார்கள்.

எனக்குப் பிடித்தது 'வலென்சியாவின் நிலவோடு நின்றுபோனான்'. ஆசைப்பட்டது கைக்கு வராமல் ஏமாந்தவனைச் சொல்வது. அந்தக் காலத்தில் வலென்சியா நகர வாசல்களை இரவில் பூட்டிவிடுவார்களாம். தாமதமாக வந்தவன் வெளியே நிலவைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான் என்று அதற்குக் கதை சொல்கிறார்கள்.

சந்திரன் ஆண் தெய்வம் இல்லையா? பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

நம் புராணத்தில் சந்திரன் ஆண், அதுவும் இருபத்தேழு மனைவிகள் உள்ள ஆண். ஜெர்மன் மொழியிலும் நிலா ஆண்பால். ஸ்பானியத்தில் 'லா லூனா', பெண்பால். தமிழில் நிலாவுக்குப் பாலே கிடையாது. அதனால் சந்திரனை ஆணுக்கும், நிலா, வெண்ணிலா, பிறைமதி எல்லாவற்றையும் பெண்ணுக்கும், வெறும் மதியை இருவருக்கும் வைத்துச் சமாளித்துவிட்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பானியத்தில் திங்கட்கிழமைக்கு 'லூனெஸ்', நிலாவின் நாள். தமிழிலும் திங்கள் என்றால் நிலாதான். மாதமும் திங்கள்தான். மூன்றுக்கும் ஒரே சொல். தங்கையிடம் 'பேசாமல் திங்கள் என்று வை' என்றேன். 'அக்கா, இங்கே அதை யார் சொல்வார்கள்' என்றாள். அதுவும் சரி.

இதே சாயலில் வேறு ஸ்பானியப் பெயர்கள்?

எஸ்ட்ரெய்யா என்றால் விண்மீன், சியேலோ வானம், ஆல்பா விடியல், லூஸ் ஒளி. மரிசோல் என்ற பெயரைக் கேட்பவர் 'கடலும் கதிரும்' என்று பிரிப்பார்கள், ஆனால் அது மரியா தெ லா சொலெதாத் என்பதன் சுருக்கம். மறுபடியும் மாதா.

கடைசியில் என்னதான் வைத்தார்கள்?

பெண்தான் பிறந்தாள். லூனா என்றே வைத்தார்கள். நடுப்பெயராக நிலாவையும் சேர்க்கலாமா என்று மாப்பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறார். 'நிலா நிலா என்று கூப்பிடுவதா, அடுத்து ஓடிவா என்று பாட வேண்டியதுதான்' என்று சித்தி நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்தியவர் இப்போது தஞ்சாவூரிலிருந்து போனில் 'நிலாக்குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார். மெக்சிகோப் பாட்டி 'லூனீத்தா' என்கிறார், அவர்கள் மொழியில் அதுவும் குட்டிதான். குழந்தை இரண்டுக்கும் திரும்புகிறது.

எட்டாம் மாதம் தவழ ஆரம்பித்தாள் என்று தங்கை வீடியோ அனுப்பினாள். குழுவில் எல்லோரும் இதயமாகப் போட, சித்தப்பா மட்டும் ஒரு வரி எழுதினார்: "பெடல் போட்டுக் கிளம்பினாளா, தள்ளி ஸ்டார்ட் பண்ணினீங்களா?"